மலையை யார் தாங்குறது? ஆழமான டனல்கள் இடியாம நிக்கிறதோட அடிப்படை

ஃபேன்டஸி கதைகள்ல குள்ளர்கள்னு ஒரு இனம் வருமே, மலைக்கு அடியில ஊரு, பெரிய பெரிய மண்டபம், மைல் கணக்குல வழின்னு குடைஞ்சு வச்சிருப்பாங்க. அதுக்கு ஈடான வேலைகளை மனுஷங்க நெஜமாவே செஞ்சிருக்காங்க, அதைப் பத்தி நெறைய பேர் ஆசையா பேசவும் செய்றாங்க, ஆனா அப்படிப் பேசும்போது திரும்பத் திரும்ப ஒரு விஷயம் தப்பா வருது: "எவ்ளோ கான்கிரீட் போட்டு அந்த மலையவே தூக்கி நிறுத்திருக்காங்க பாருங்க!" அப்படின்னு. மலையை யாரும் தூக்கி நிறுத்தல. அது முடியவும் முடியாது. ஏன் முடியாது, அப்போ உண்மையிலேயே அதைத் தாங்குறது எது, அப்படின்னு புதுசா படிக்கிறவங்களுக்கும் புரியற மாதிரி சொல்லிப் பாக்குறேன்.

முதல்ல எடையைக் கணக்குப் போடுவோம்

சுவிட்சர்லாந்துல ஆல்ப்ஸ் மலைக்கு அடியில போற கோட்ஹார்ட் பேஸ் டனலை எடுத்துக்குவோம். 57 கிலோமீட்டர் நீளம், 2016 ஜூன் 1ஆம் தேதி திறந்தாங்க, உலகத்துலயே நீளமான ரயில் டனல் அதுதான். ரெண்டு ட்யூப், குறுக்கு வழி, செங்குத்துக் குழி எல்லாத்தையும் கூட்டினா குடைஞ்ச நீளம் மொத்தம் 152 கிலோமீட்டர். சில எடத்துல அதுக்கு மேல சுமார் 2,300 மீட்டர் உயரத்துக்குப் பாறை உக்காந்திருக்கு.

ஒரு கன மீட்டர் பாறை சுமாரா 2.7 டன். அப்போ 2,300 மீட்டர் பாறைன்னா கீழ இருக்குற ஒவ்வொரு சதுர மீட்டர் மேலயும் 6,200 டன் வருது.

இப்போ கான்கிரீட் பக்கம் வருவோம். டனலோட உள் சுவரா கடைசியில ஊத்துற கான்கிரீட் வளையத்துக்கு லைனிங்னு பேரு. 9 மீட்டர் அகல ஓட்டைக்குள்ள 30 சென்டிமீட்டர் தடிமன்ல நல்ல கான்கிரீட் லைனிங் போட்டா, அந்த வளையம் நொறுங்காம தாங்கக்கூடிய அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 270 டன்தான் வரும். 6,200 எங்க, 270 எங்க! நூத்துல அஞ்சு பங்கு கூட இல்ல. இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாத்துட்டாலே "கான்கிரீட்தான் மலையைத் தாங்குது"ங்கிற பேச்சு நிக்காது.

சரி, மீதி எடை எங்க போகுது?

பக்கத்துத் தோள்

ஒரு பத்துப் பேர் வரிசையா நின்னு ஒரு நீளமான கனத்த மரத்தைத் தோள்ல தூக்கிட்டு நிக்கிறாங்கன்னு வைங்க. நடுவுல ஒருத்தர் மட்டும் மெல்ல விலகி வெளிய வந்துடுறார். மரம் கீழ விழாது. அவர் தாங்கிட்டு இருந்த பங்கு அவருக்கு ரெண்டு பக்கமும் நிக்கிறவங்க தோளுக்குப் போயிடும், அவங்களுக்குத்தான் இப்போ பாரம் ரொம்பக் கூடியிருக்கும், கொஞ்சம் தள்ளி நிக்கிறவருக்கு லேசா கூடியிருக்கும், கடைசியில நிக்கிறவருக்கு ஒருத்தர் போனதே தெரியாது.

மலைக்குள்ள ஓட்டை போடும்போதும் இதேதான் நடக்குது. பாறைக்குள்ள ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டை அழுத்திக்கிட்டேதான் இருக்கு, இந்த உள் அழுத்தத்தைத்தான் எஞ்சினியர்கள் ஸ்ட்ரெஸ்னு சொல்றாங்க. நாம ஒரு எடத்துல பாறையை எடுத்துட்டா அது வழியா போயிட்டு இருந்த ஸ்ட்ரெஸ் காணாமப் போறதில்ல, ஓட்டையைச் சுத்தி வளைஞ்சு ரெண்டு பக்கச் சுவர் வழியா கீழ இறங்குது. எல்லாப் பக்கமும் ஒரே அளவு அழுத்தம் இருக்குற பாறையில வட்டமா ஒரு ஓட்டை போட்டா, ஓட்டையோட விளிம்புல ஸ்ட்ரெஸ் பழசை விட சரியா ரெண்டு மடங்காகுது. அங்கிருந்து ஓட்டையோட அகலம் எவ்ளோவோ அவ்ளோ தூரம் பாறைக்குள்ள தள்ளிப் போய்ப் பாத்தா, பழைய அளவை விட 11 சதவீதம்தான் அதிகம். அதாவது 9 மீட்டர் டனலுக்காக அதைச் சுத்தி ஒரு 9, 10 மீட்டர் பாறை கூடுதலா உழைக்குது, அதுக்கு அப்பால இருக்குற மொத்த மலையும் முன்ன மாதிரியேதான் இருக்கு.

டனலைச் சுத்தி இருக்குற அந்தப் பாறை வளையம்தான் உண்மையான தூண். மத்த எல்லாமே அதுக்கு உதவிதான்.

61 மீட்டர் கூரை, ஒரு தூண் கூட இல்ல

இதை நம்ப முடியலன்னா நார்வேல யோவிக்ங்கிற ஊர்ல இருக்குற ஒலிம்பிக் ஹாலைப் பாக்கணும். 1994 குளிர்கால ஒலிம்பிக்ஸ் ஐஸ் ஹாக்கிக்காக மலைக்குள்ள குடைஞ்சது. அகலம் 61 மீட்டர், நீளம் 91 மீட்டர், உயரம் 25 மீட்டர், உள்ள ஆயிரக்கணக்குல ஜனம் உக்காந்து மேட்ச் பாக்கலாம். நடுவுல தூணே கிடையாது. குள்ளர்களோட அரச மண்டபம்னு எதையாவது காட்டணும்னா நான் இதைத்தான் காட்டுவேன்.

இதுல ஒரு விசித்திரம் என்னன்னா, அந்த ஹாலுக்கு மேல இருக்குற பாறை வெறும் 25லேர்ந்து 50 மீட்டர் தடிமன்தான். 61 மீட்டர் அகலக் கூரைக்கு அது ரொம்பக் கம்மி, விரிசல்களும் இருக்குற பாறை வேற. அப்புறம் எப்படி நிக்குது? அங்க பாறை மேலிருந்து அழுத்துறதை விட பக்கவாட்டுல பல மடங்கு பலமா அழுத்திக்கிட்டு இருக்கு. ரெண்டு பக்கமும் இருந்து நெருக்குறதால கூரையில இருக்குற துண்டுகள் ஒண்ணோட ஒண்ணு இறுகிப் பூட்டின மாதிரி நிக்குது, ஒரு வளைவு கட்டினா அதோட கல்லுங்க எப்படி ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டு விழாம நிக்குமோ அதே தத்துவம். கட்டுறதுக்கு முன்னாடியே துளை போட்டு இந்தப் பக்கவாட்டு ஸ்ட்ரெஸ்ஸை அளந்து பாத்துட்டுத்தான் கை வச்சாங்க.

பக்கவாட்டு அழுத்தமே இல்லாத பாறையா இருந்தா கதை தலைகீழ். அப்போ கூரையோட நடுப்பகுதி நெருக்கப்படாம இழுபட ஆரம்பிக்கும், பாறை நெருக்கலைத் தாங்குற அளவுக்கு இழுவையைத் தாங்கவே தாங்காது, விரிசல் வழியா கழண்டு விழும். அதனால "மேல பாறை கம்மியா இருந்தா பாதுகாப்பு"ன்னு ஆழத்தை மட்டும் வச்சு முடிவு பண்றது சரியில்ல. ஆழம் கம்மியா இருக்குற டனல்ல பல தடவை பிரச்சனையே பாறையைப் பூட்டி வைக்கிற அளவு அழுத்தம் இல்லாததுதான்.

துருக்கியில டெரிங்குயுன்னு ஒரு நிலத்தடி நகரம் இருக்கு, சுமார் 85 மீட்டர் ஆழம் வரைக்கும் அடுக்கடுக்கா அறைகள், ஆயிரக்கணக்கான ஜனம் ஆடு மாடோட ஒளிஞ்சிருந்த எடம். எரிமலைச் சாம்பல் இறுகி உருவான மென்மையான பாறை அது, கையால செதுக்கினது, நூற்றாண்டுகளா நிக்குது. அதுல லைனிங்கும் இல்ல, கான்கிரீட்டும் இல்ல.

அப்போ போல்ட், கான்கிரீட் எல்லாம் எதுக்கு?

பாறை தன்னைத்தானே தாங்கணும்னா அது ஒரே கட்டுக்கோப்பா இருக்கணும். வெடி வச்சு குடையும்போது ஓட்டையை ஒட்டின பாறையில விரிசல் விழுது, ஏற்கனவே இருக்குற விரிசல் எல்லாம் தளர்ந்துபோகுது. அந்தத் துண்டுகள் ஒண்ணொண்ணா கழண்டு விழ ஆரம்பிச்சா நம்ம தூண் உதிர்ந்துக்கிட்டே போகுதுன்னு அர்த்தம்.

அதை நிறுத்தத்தான் ராக் போல்ட். சில மீட்டர் நீளத்துக்குப் பாறைக்குள்ள துளை போட்டு உள்ள இறக்கி சிமெண்ட் கலவை வச்சு இறுக்குற இரும்புக் கம்பி அது, தளர்ந்த மேல் அடுக்கை உள்ள இருக்குற நல்ல பாறையோட சேத்துத் தைக்கிற வேலையைச் செய்யுது. கூடவே ஷாட்கிரீட், அதாவது காத்து அழுத்தத்துல பாறை மேல நேரா பீய்ச்சி அடிக்கிற கான்கிரீட், சின்னத் துண்டு கூட நகராம ஒட்டிப் பிடிச்சு வைக்கும். யோவிக் ஹாலோட கூரைப் பாறையைக் கலையாம பிடிச்சு வச்சிருக்கறதும் இந்த ரெண்டும்தான்.

20ஆம் நூற்றாண்டு நடுவுல ஆஸ்திரியாவோட ரப்செவிச் மாதிரி எஞ்சினியர்கள் இதை ஒரு முறையாவே எழுதி வச்சாங்க: குடைஞ்ச உடனே மெல்லிசா ஷாட்கிரீட் அடி, போல்ட் போடு, பாறையைக் கொஞ்சம் நகர விடு, எவ்ளோ நகருதுன்னு தினமும் அள, அளவைப் பாத்து தேவைன்னா இன்னும் போடு. இந்த "கொஞ்சம் நகர விடு"ங்கிறதுதான் ரொம்ப முக்கியம். பாறை லேசா உள்பக்கம் நகரும்போதுதான் ஸ்ட்ரெஸ் வளைஞ்சு பக்கத்துக்குப் போகுது. கொஞ்சமும் நகர விடாம மொரட்டுத்தனமா முட்டுக் குடுத்தா அத்தனை பாரமும் அந்த முட்டு மேலயே வந்து அது நொறுங்கிடும், அதே நேரம் ரொம்ப நகர விட்டா பாறை கலைஞ்சு கொட்டிடும், இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சுக்கறதுதான் டனல் எஞ்சினியரோட திறமைன்னு நான் நினைக்கிறேன்.

இதுவரைக்கும் சுருக்கமா: எடை சுத்தியிருக்குற பாறைக்குப் போகுது, போல்ட்டும் ஷாட்கிரீட்டும் அந்தப் பாறை கலையாம பாத்துக்குது, லைனிங் கடைசியா தண்ணி கசியாம இருக்கவும் நூறு வருஷ ஆயுளுக்காகவும் வருது.

பக்கத்துல நிக்கிறவரால முடியலன்னா

தோள் குடுக்குறவர் பலவீனமா இருந்தா என்ன ஆகும்? ரெண்டு விதமா தோத்துப்போகலாம், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு நேர் எதிர்.

முதல் வகை, பாறை மென்மையா இருந்து மெதுவா உள்ள பிதுங்கி வர்றது. இதை ஸ்க்வீஸிங்னு சொல்வாங்க. கோட்ஹார்ட்ல செட்ரூன் பகுதியில இதை முன்கூட்டியே எதிர்பாத்தாங்க. அந்தப் பகுதிக்குப் போறதுக்கே மேலிருந்து 800 மீட்டர் ஆழத்துக்கு செங்குத்தா குழி இறக்கி, அதுவழியா ஆள், மெஷின் எல்லாத்தையும் லிஃப்ட்ல இறக்கி, நடுவுலேர்ந்து ரெண்டு பக்கமும் குடைஞ்சாங்க. பிதுங்குற எடத்துல அவங்க செஞ்சது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்: டனலைத் தேவைக்கு மேல பெருசா குடைஞ்சாங்க, சில எடத்துல சுத்தி 70 சென்டிமீட்டர் வரைக்கும் கூடுதலா. உள்ள வச்ச இரும்பு வளைவுகளும் ஒரே துண்டா இல்லாம, அழுத்தம் வரும்போது ஒண்ணுக்குள்ள ஒண்ணு வழுக்கிச் சுருங்குற மாதிரி. பாறை வந்து அந்த எடத்தை நெரப்பிக்கிட்டு, ஸ்ட்ரெஸ் குறைஞ்சு, தானா அடங்கின பிறகுதான் லைனிங் போட்டாங்க. மலையோட மல்லுக்கு நிக்காம அதுக்கு எடம் விட்டுக் குடுத்து ஜெயிச்சது இது.

ரெண்டாவது வகைதான் பயங்கரம். பாறை ரொம்பக் கெட்டியா, உடையற குணத்தோட இருந்தா, அது பிதுங்காது, வளையாது, அழுத்தத்தை எல்லாம் உள்ளயே சேத்து வச்சுக்கிட்டே இருந்து திடீர்னு வெடிச்சுச் சிதறும். ராக் பர்ஸ்ட்னு பேரு. சீனாவுல ஜின்பிங் 2 நீர்மின் திட்டத்துக்காக 16 கிலோமீட்டருக்கும் மேல நீளமான டனல்கள் குடைஞ்சாங்க, மேல பாறை 2,500 மீட்டர் வரைக்கும். 2009 நவம்பர் 28ஆம் தேதி அங்க நடந்த ஒரு ராக் பர்ஸ்ட்ல 7 தொழிலாளர்கள் இறந்தாங்க, குடையிற மெஷினே பாறையில புதைஞ்சு போச்சு. "கெட்டிப் பாறைன்னா கவலை இல்ல"ன்னு யாராவது சொன்னா இதைச் சொல்லுங்க. ஆழத்துல கெட்டிப் பாறைக்குன்னு தனி ஆபத்து இருக்கு.

தெரியாத பாறைதான் ஆளைக் கொல்லுது

எந்தப் பாறை எப்படி நடந்துக்கும்னு தெரிஞ்சா அதுக்கு ஏத்த வழி ஒண்ணு இருக்கும். அங்க என்ன பாறைன்னே தெரியாம போறதுதான் உண்மையான ஆபத்து.

சுவிட்சர்லாந்துலயே லோட்ச்பெர்க்னு ஒரு பழைய டனல். 1908ல ஒரு பள்ளத்தாக்குக்கு அடியில குடைஞ்சுட்டுப் போனாங்க, மேல போதுமான அளவு கெட்டிப் பாறை இருக்குன்னு நம்பிக்கை. உண்மையில அந்தப் பள்ளத்தாக்கை ரொம்ப காலத்துக்கு முன்னாடி பனியாறு நெனச்சதை விட ரொம்ப ஆழமா அரிச்சிட்டுப் போய், அந்தக் குழி முழுக்க சரளையும் மணலும் தண்ணியுமா நெரம்பிக் கிடந்திருக்கு. ஜூலை 24ஆம் தேதி ஒரு வெடி வச்ச உடனே அந்தச் சேறு மொத்தமா டனலுக்குள்ள கொட்டி 25 பேரை மூடிடுச்சு. அந்தப் பகுதியை அப்படியே சுவர் வச்சு அடைச்சுட்டு, டனலைச் சுத்தி வளைச்சுக் கொண்டுபோய் 1913ல திறந்தாங்க.

சரளைக்கும் மணலுக்கும் தோள் கிடையாது, அதான் விஷயம். ஸ்ட்ரெஸ்ஸை வளைச்சுப் பக்கத்துக்குக் கடத்தணும்னா துண்டுகள் ஒண்ணோட ஒண்ணு பூட்டி நிக்கணும், தண்ணி புகுந்து துகள்களை மெதக்க விட்டா அந்தப் பூட்டு கழண்டுபோய் மொத்தமும் திரவம் மாதிரி ஓடும்.

கோட்ஹார்ட்ல இதே பயம் பியோராங்கிற எடத்துல இருந்துச்சு. அங்க இருக்குற டோலமைட் பாறை சில பகுதியில சர்க்கரை மாதிரி பொடிப்பொடியா, தண்ணியோட கலந்து கிடக்குது. 1990கள்ல, மெயின் வேலை தொடங்குறதுக்கு முன்னாடியே, டனல் வரப்போற மட்டத்துக்கு ஏறக்குறைய 350 மீட்டர் மேல தனியா ஒரு ஆய்வு டனல் குடைஞ்சு அங்கிருந்து துளை போட்டுப் பாத்தாங்க. 1996ல ஒரு துளை வழியா தண்ணியும் மணலும் பீறிட்டு உள்ள வந்துச்சு. பயந்தது உண்மைதான்னு ஆயிடுச்சு. ஆனா அங்கயே விட்டுடாம சாய்வா இன்னும் ஆழமா, நெஜ டனல் போகப்போற மட்டத்துக்கே துளை போட்டாங்க. அந்த ஆழத்துல பாறை காய்ஞ்சு கெட்டியா இருந்துச்சு! பல வருஷம் கழிச்சு மெஷின் அந்த எடத்துக்கு வந்தப்போ பெரிய பிரச்சனை இல்லாம தாண்டிப் போயிடுச்சு.

நூறு வருஷ இடைவெளியில ஒரே நாட்டுல நடந்த இந்த ரெண்டு கதையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கணும். முதல்ல நம்பிக்கையில போனாங்க, ரெண்டாவதுல துளை போட்டுப் பாத்துட்டுப் போனாங்க. அந்த ஆய்வுத் துளைகளைப் பத்தி யாரும் பெருசா பேசுறதில்ல, ஆனா என்னைக் கேட்டா கோட்ஹார்ட்ல நடந்த மிகப் பெரிய சாதனை அதுதான்.

மெஷின் பத்தி ஒரு வார்த்தை

டிபிஎம்னு சொல்ற டனல் குடையிற மெஷினை நெறைய பேர் ராட்சச ட்ரில்லுன்னு நினைக்கிறாங்க. அது துளைக்கிறதில்ல, நசுக்குது. முன் தட்டுல இருக்குற ஒவ்வொரு இரும்புச் சக்கரமும் 20, 25 டன் பலத்துல பாறையை அழுத்திக்கிட்டே உருளும், பக்கத்துப் பக்கத்துத் தடங்களுக்கு நடுவுல விரிசல் சேர்ந்து சில்லுச் சில்லா பாறை தெறிச்சு விழும். அவ்ளோ பலமா முன்னாடி தள்ள பிடிமானம் வேணுமே, கெட்டிப் பாறையில அதுக்குப் பக்கச் சுவரையே ரெண்டு பக்கமும் அமுக்கிப் பிடிச்சுக்கும். அதாவது மெஷினும் அதே பாறை வளையத்தை நம்பித்தான் வேலை செய்யுது.

இப்படி மெஷின் இல்லாத காலத்தையும் பாக்கணும். கோட்ஹார்ட் மலையிலயே மேல் மட்டத்துல 1882ல திறந்த பழைய கோட்ஹார்ட் டனல் 15 கிலோமீட்டர்தான், அதுல ஏறக்குறைய 200 பேர் செத்தாங்க, அதைக் கட்டின லூயி ஃபாவ்ரேவே 1879ல டனலுக்குள்ளயே மயங்கி விழுந்து இறந்துட்டார். புது டனல்ல 9 பேர். 9ங்கிறதும் சின்ன எண் இல்ல, ஒவ்வொண்ணும் ஒரு குடும்பம்.

எவ்ளோ ஆழம் வரைக்கும் போகலாம்?

கீழ போகப் போக பாறை சூடாகும், சாதாரணமா ஒரு கிலோமீட்டருக்கு 25, 30 டிகிரி. கோட்ஹார்ட்ல 45 டிகிரி வரைக்கும் போச்சு, குளிர்ந்த காத்தை விட்டு வேலை செய்யிற எடத்தை 28க்குக் கொண்டுவந்தாங்க. தென்னாப்பிரிக்காவுல ம்போனெங் தங்கச் சுரங்கம் சுமார் 4 கிலோமீட்டர் ஆழம், பாறை 60 டிகிரிக்கு மேல கொதிக்குது, மேலிருந்து கூழ் மாதிரி ஐஸ் அரைச்சு குழாய்ல கீழ அனுப்பித்தான் மனுஷன் அங்க நிக்க முடியுது. அங்கயும் ராக் பர்ஸ்ட்தான் பெரிய எதிரி.

அதுக்கும் கீழ? ரஷ்யாவுல கோலா தீபகற்பத்துல சோவியத் விஞ்ஞானிகள் 23 சென்டிமீட்டர் அகலத்துல ஒரு துளை போட்டாங்க, 1989ல 12,262 மீட்டரைத் தொட்டுச்சு, 15,000 வரைக்கும் போகணும்னுதான் திட்டம். அந்த ஆழத்துல 100 டிகிரி இருக்கும்னு எதிர்பாத்தாங்க, இருந்தது 180. அவ்ளோ சூட்டுலயும் அழுத்தத்துலயும் பாறை கெட்டியான பொருள் மாதிரி நடந்துக்கறதை விட்டுட்டு பிளாஸ்டிக் மாதிரி இளக ஆரம்பிச்சிடுச்சு, துளை போட்டுட்டு கருவியை வெளிய எடுத்தா துளை தானா மூடிக்கிச்சு. பக்கத்துத் தோள் பாரத்தைத் தாங்காம ஓட்டைக்குள்ளயே வழிஞ்சு வந்துடுது. 1992ல துளை போடுறதை நிறுத்திட்டாங்க.